பெயரை அழித்த பேரேடு

தேடுபொறியிடம் நாம் கேட்பதையெல்லாம் வீட்டில்கூட யாரிடமும் கேட்பதில்லை. கழுத்தில் வந்த கட்டி, அப்பாவுக்குத் தெரியாமல் வாங்க நினைக்கும் கடன், அரியர் வைத்தால் வேலை கிடைக்குமா என்ற பயம்... எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் போகிறது. என்ன கேட்டோம், எத்தனை மணிக்கு, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, வந்த விடைகளில் எதைச் சொடுக்கினோம் என்பதெல்லாம் அந்தப் பக்கம் பதிவாகிறது.

"பேரை எடுத்துட்டா அது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். அதற்கு 2006-லேயே பதில் கிடைத்துவிட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆராய்ச்சிக்குப் பயன்படட்டும் என்று, சுமார் 6.5 லட்சம் பேர் மூன்று மாதங்களில் செய்த ஏறக்குறைய 2 கோடி தேடல்களை இணையத்தில் வெளியிட்டது. பெயர் கிடையாது, ஆளுக்கு ஓர் எண் மட்டும். சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்குரிய ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் வசித்த ஒரு வயதான பெண்மணி. தன் ஊர்ப் பெயரைப் போட்டுத் தோட்ட வேலைக்கு ஆள் தேடியிருந்தார், தன் குடும்பப் பெயர் கொண்டவர்களையும் தேடியிருந்தார். அது போதுமானதாக இருந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு கோப்பை நீக்கியது. ஆனால் அதற்குள் பலர் நகல் எடுத்துவிட்டார்கள்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பேரேட்டில் கணக்கின் தலைப்பை மட்டும் அழித்துவிட்டுப் பதிவுகளை அப்படியே விட்டால், கடைப்பையனே அது யார் கணக்கு என்று சொல்லிவிடுவான்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அந்தப் பெண்மணி பல நோய்களைப் பற்றித் தேடியிருந்தார். பெரும்பாலும் தன் தோழிகளுக்காகத்தான். பதிவை மட்டும் படிப்பவருக்கோ அத்தனை நோயும் அவருக்கே இருப்பதாகத் தோன்றும். குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே, அது எதற்காக என்று விளக்கக் குறிப்பு எழுத நமக்குச் சொல்லித் தருகிறார்கள். தேடல் பதிவில் அந்த வரி கிடையாது. நாளைக்கு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியோ வேலை கொடுப்பவரோ அதைப் படிக்க நேர்ந்தால், விளக்கம் சொல்ல நாம் பக்கத்தில் இருக்கப் போவதில்லை.

இன்காக்னிட்டோவில் தேடினால் போதும் என்று நினைக்காதீர்கள். அது நம் கணினியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கூகுள் கணக்கு இருந்தால் 'எனது செயல்பாடு' பக்கத்துக்குப் போய்ப் பழைய தேடல்களை அழிக்கலாம், தானாக அழியும்படியும் வைக்கலாம். 2020 ஜூனுக்குப் பிறகு தொடங்கிய கணக்குகளில் 18 மாதம் என்று அவர்களே வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய கணக்கு என்றால் நாம்தான் போய் மாற்ற வேண்டும்.

அழிப்பதற்கு முன்னால் ஒரு முறை படித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் அதை மட்டும் வைத்து உங்களை எப்படிப்பட்ட ஆள் என்று முடிவு செய்வார்?