நூலகத்திலே தேடும் நெறி

பல்கலைக்கழகம் புகும் மாணாக்கர்க்கு நூலகத்தின் வாயிலைக் காட்டிவிட்டாற் போதும், எஞ்சியதை அவர்களே கண்டுகொள்வர் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பொருந்தாதென்பதை விடுமுறைதோறும் நாம் காண்கின்றோம். "ஐயா, கொடிகாமச் சந்தையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டும், ஒரு நூல் சொல்லுங்கள்" என்று நம் ஊர்ப் பிள்ளைகள் வந்து நிற்கின்றனர். நூலொன்றைக் கேட்டல் வேறு. பொருளொன்றைத் தேடல் வேறு. பின்னையதை எவரேனுங் கற்பித்தல் வேண்டும்.

அவர்கட்கு நாம் கூறுவது இதுவே. சந்தையிலே தேங்காய் வாங்க வந்தவர் பலாப்பழக் குவியலிடையே நின்று தேடார். நூலகத்திலும் ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் உண்டு. 1876ஆம் ஆண்டில் வெளிவந்த தூயியின் தசாம்சப் பகுப்பு முறையிலே வணிகம் 380 என்னும் எண்ணிலும், வேளாண்மை 630இலும், இலங்கை வரலாறு 954.93இலும் அமையும். ஆகவே நம் சந்தையின் வரலாறு ஒரு தட்டில் இராது. மூன்று தட்டுகளிற் சிதறிக் கிடக்கும். வினாவைக் கூறுபடுத்தி நூற்பட்டியலை நோக்குதல் முதற் பாடம். கிடைத்த நூலின் இறுதியிலுள்ள பொருளடைவையும் உசாத்துணைப் பட்டியலையும் பற்றி அடுத்த நூலுக்குச் செல்லுதல் இரண்டாம் பாடம். 1841இல் தோன்றிய உதயதாரகை, 1930 முதல் 1958 வரை வெளிவந்த ஈழகேசரி போன்ற பழைய இதழ்களைப் புரட்டி, கண்டதைத் திகதியும் பக்கமுங் குறித்தெழுதுதல் மூன்றாம் பாடம். இரு சான்றுகள் முரணுமிடத்து, நேரிற் கண்டெழுதியவர் யார், கேட்டெழுதியவர் யார் என ஆராய்தல் நான்காம் பாடம். கணினியிலே சொல்லை இட்டுத் தேடுவோர்க்கும் இவை நான்கும் வேண்டற்பாலனவே.

திகதியும் பக்கமும் மதிப்பெண்ணுக்காக இடும் அலங்காரம் என்று மாணாக்கர் சிலர் கருதுவர். யாழ்ப்பாணத்தவர் அவ்வாறு கருதலாகாது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாளிரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. நூலொன்று அழிந்தபின், அதனை இயற்றியவர், பதிப்பித்தவர், ஆண்டு என்னுங் குறிப்பேனும் எங்காவது எஞ்சியிருப்பின், வேறொரு வீட்டுப் பெட்டகத்தில் அதன் பிரதியைத் தேடலாம். குறிப்பும் இல்லையாயின் இழந்தது இன்னதென்று சொல்லவும் இயலாது. என். செல்வராஜாவின் நூல்தேட்டத் தொகுதிகளும், 2005 முதல் ஈழத்து வெளியீடுகளை மின்வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனமும் நமக்குப் பேருதவியாவது இக்காரணத்தாலேயே. ஒரு மாணவன் பிழையின்றி எழுதும் அடிக்குறிப்பும் அப்பணியின் ஒரு கூறே.

ஆதலின் பழைய மாணவர்க்கு இரண்டு விண்ணப்பங்கள். பல்கலைக்கழகத்துக்குக் காத்திராமல், உயர்தர வகுப்பிலேயே பட்டியலும் பொருளடைவும் நோக்கும் பழக்கத்தை நம் கல்லூரியில் ஏற்படுத்துவோமாக. வீட்டிலுள்ள பழைய மலர்களையும் இதழ்களையும் செல்லரிக்க விடாது நூலகங்களுக்கு அளிப்போமாக. இவ்விழா மலரையும் நாளை ஒரு பிள்ளை தேடி வரக்கூடும்; அதற்கும் ஒரு தட்டும் ஓர் எண்ணும் இன்றே அமைதல் நன்று.