தொப்பியின் உள்துணி

உஷான்கா சேகரிப்பவன் என்று என்னை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். போர்க்காலத்துத் தொப்பி என்று என்னிடம் வாங்கிப் போனீர்களே, அவற்றில் சில போரையே பார்த்ததில்லை. தெரிந்தேதான் விற்றேன்.

உஷான்கா சோவியத் படையின் குளிர்காலத் தொப்பி. காதுமடல்களை இறக்கி மோவாய்க்குக் கீழே கட்டலாம். வேண்டாதபோது உச்சியில் முடிந்துகொள்ளலாம். 1939-40இல் பின்லாந்தோடு மோதிய செஞ்சேனையில் பலர் தலையில் இருந்தது கூர்முனை வைத்த புத்யோனொவ்கா என்ற தொப்பி. பார்வைக்குக் கம்பீரம், பனிக்கு உதவாது. சிப்பாய்கள் விறைத்துப்போன அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு, 1940இல் உஷான்கா படை முழுவதற்கும் வந்தது. மறு ஆண்டே ஜெர்மனி படையெடுத்தது. அந்த நான்கு ஆண்டுப் போர்க்காலத் தொப்பிகளுக்குத்தான் சேகரிப்பவர்களிடையே மவுசு.

ஆனால் 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின் சந்தைக்கு வந்து குவிந்தவை பெரும்பாலும் எழுபது, எண்பதுகளில் தைத்தவை. உள்துணியில் அளவும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். அந்தத் துணியைப் பிரித்தெடுத்துவிட்டு, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்த பழைய பருத்தித் துணியைத் தைத்தேன். முன்னால் வேறு நட்சத்திரம் குத்தினேன். ரோமம் செயற்கைதான், போர்க்காலத்திலும் சாதாரணச் சிப்பாய்க்கு அதுவே கிடைத்ததால் (ரஷ்யர்கள் அதை 'மீன் ரோமம்' என்று கேலி செய்வார்கள்) யாரும் சந்தேகப்படவில்லை.

பணத்துக்காகச் செய்தேன் என்றால் பாதிப் பொய். 'ஸ்டாலின்கிராட்' என்று சொன்னதும் எதிரே நிற்பவர் குரலைத் தாழ்த்துவாரே, அந்த மரியாதைக்கு நான் அடிமையாகியிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. கட்டாயச் சேவைக்கு வந்த பையன்கள், தொப்பி களவு போகாமலிருக்க, பிளீச்சிங் கரைசலில் தீக்குச்சியைத் தொட்டு உள்ளே தங்கள் பெயரையும் எண்ணையும் எழுதிவைப்பார்கள். அப்படி எழுதிய துணிகளையும் பிரித்துக் குப்பையில் போட்டேன். போரில் சாகவில்லை என்பதற்காக அந்தப் பையன்களை எனக்கு வேண்டாதவர்களாக்கினேன். சேகரிப்பவன் என்ற பெயருக்கே நான் லாயக்கில்லை.

என்னிடம் வாங்கியவர்கள் தயவுசெய்து உள்துணியைத் திருப்பிப் பாருங்கள். ரோமத்தைவிடத் தையல்நூல் புதிதாகத் தெரிந்தால் தொப்பியைக் கொண்டுவாருங்கள். கொடுத்த பணத்தை முழுதாகத் தருகிறேன். கொண்டுவர மனமில்லையென்றால், வேறொருவருக்கு அதைப் போர்க்காலத் தொப்பி என்று மட்டும் விற்றுவிடாதீர்கள்.