மலைமேல் கேட்ட தமிழ்

திருநெல்வேலிச் சீமையை விட்டு மைசூருக்கு நாங்கள் குடிவந்து மூன்று ஆண்டுகள் நிறைந்துவிட்டன. வாடகைக்கு வீடு தேடி அலைந்ததையும், காய்கறிக் கடையில் வாய் திறவாமல் விரலால் சுட்டிக் காட்டி வாங்கியதையும் இவ்விதழின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. உத்தியோகத்தின் பொருட்டு ஊர் விட்டு வந்த குடும்பத்தார் யாவரும் பட்டறிந்தவையே அவை. நாங்கள் சொல்ல வந்தது எங்கள் குழந்தைகளைப் பற்றி.

மூத்தவள் எட்டு வயதுப் பெண். இளையவன் ஐந்து வயதுச் சிறுவன். இங்கு வந்தபோது அவனுக்கு இரண்டு வயதுதான். நாங்கள் இலக்கணப் புத்தகமும் கையுமாய்த் திண்டாடிக்கொண்டிருந்தபோதே அவன் தெருப் பிள்ளைகளுடன் பந்தாடிக் கன்னடம் கற்றுக்கொண்டுவிட்டான். கடைக்குப் போகும்போது அவனையே துபாஷியாக அழைத்துச் சென்று பெருமைப்பட்டதும் உண்டு.

அந்தப் பெருமை ஒரு மாலைப் பொழுதில் அகன்றது. ஊரிலிருந்து அவனுடைய ஆச்சி தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டியா ராசா?" என்று கேட்டார். "ஊட்ட ஆயித்து, ஹாலு குடிதெ" என்று அவன் சட்டென்று விடை சொன்னான். எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பிள்ளை என்னமோ சொல்லுது. அம்மாகிட்ட போனைக் குடு" என்றார் ஆச்சி. அவன் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை. மறுநாள் முதல் வீட்டில் கன்னடச் சொல் புகக்கூடாது என்று கட்டளை பிறந்தது. பையன் 'ஹாலு' என்றால் 'பால்' என்று திருத்திச் சொல்லும்வரை தம்ளர் கைக்கு வாராது. விளைவு, அவன் பால் கேட்பதையே நிறுத்திக்கொண்டான்! அடுத்து ஒரு தீர்மானமும் செய்தோம். மூத்தவளையாவது ஊருக்கு அனுப்பி, ஆச்சியின் பொறுப்பில் விட்டு, தமிழ்ப் பள்ளியில் சேர்த்துவிடுவது. தமிழ் பேசுவாளேயன்றித் தமிழெழுத்து அறியாதவள் அவள். கன்னட எழுத்து மட்டும் பள்ளியில் முத்து முத்தாக எழுதுவாள். செய்தியைக் கேட்டு அவள் அழவில்லை. ஆனால் அன்று முதல் தன் படுக்கையை இழுத்துச் சென்று தம்பியின் அருகில் போட்டுக்கொண்டாள்.

இந்நிலையில்தான், பெண் ஊருக்குப் போகுமுன் பார்த்துவிடட்டுமே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்கோட்டைக்குப் புறப்பட்டோம். மைசூரிலிருந்து சீரங்கப்பட்டணம், பாண்டவபுரம், ஜக்கனஹள்ளி வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. திருநாராயணபுரம் என்பது வைணவர் வழங்கும் பெயர். 12ஆம் நூற்றாண்டில், சோழ மன்னன் ஒருவனது பகைக்கு விலகித் திருவரங்கத்தைத் துறந்த இராமாநுசர், போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் நாட்டில் தங்கினார் என்றும், இம்மலையில் திருநாராயணன் கோயிலை நிலைபெறச் செய்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. உற்சவ மூர்த்திக்குச் செல்வப்பிள்ளை என்று பெயர். கன்னடத்தில் 'செலுவ' என்றால் அழகு. ஆகவே இவ்வூரார் நாவில் அவர் செலுவநாராயணர் ஆனார். வீட்டில் ஒரு பெயரும் வெளியில் ஒரு பெயருமாக வளரும் பிள்ளைகளை நாமும் அறிவோம் அல்லவா?

சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆசாரியர் திருவரங்கம் திரும்பினார் என்பர். ஐம்பத்திருவரைக் கோயில் காரியங்களுக்கு நியமித்துச் சென்றார் என்பதும், பிரிவாற்றாத அடியார்களுக்காகத் தம் வடிவம் ஒன்றை விட்டுச் சென்றார் என்பதும் ஐதிகம். 'தமருகந்த திருமேனி' என்னும் அவ்வடிவத்தின்முன் நின்றபோது எங்களுக்குத் தோன்றிய எண்ணம் பக்தர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். வந்தவர் திரும்பிவிட்டார்; உடன்வந்த குடும்பங்களோ தங்கிவிட்டன. அவர்களுடைய பிள்ளைகள் எந்த மொழியில் பால் கேட்டிருப்பார்கள்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழங்கன்னடத்தில் பாலுக்குப் 'பால்' என்றே பெயர். 10ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையில் சொல்லின் முதலில் நின்ற பகரம் சிறிது சிறிதாக ஹகரமாயிற்று என்பர் மொழிநூலார். பால் ஹாலு ஆயிற்று; பூ ஹூவு ஆயிற்று; பத்து ஹத்து ஆயிற்று. அத்தமிழ்க் குடும்பங்கள் மலையேறிய நாளில் அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பையனிடம் நாங்கள் சண்டையிட்ட சொல், அவனுக்கு அண்டை வீட்டார் சொல். எங்களுக்கு ஒன்றுவிட்ட உறவு.

யோக நரசிம்மர் குன்றேறி இறங்கி, கல்யாணிக் குளத்தருகே இளைப்பாறிய பின் பசி எடுத்தது. மேல்கோட்டையின் புளியோதரை பெயர் பெற்றது. கன்னடத்தில் புளியோகரெ என்பர். கோயில் தெருவில் அதனை விற்கும் ஒரு வீட்டின் திண்ணையில் அமர்ந்தோம். கதவைத் திறந்த பாட்டியம்மையார் எங்கள் பேச்சைக் கேட்டதும், "தமிழ்க்காராளா? ஸ்வல்ப உக்காருங்கோ" என்றார். 'ஸ்வல்ப' என்பது கன்னடர் வழக்கு, மற்றவை தமிழ். சாற்றமுது, கறியமுது, திருக்கண்ணமுது என்று அவர் வாயில் வந்த சொற்களை நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து வைணவ நண்பர்கள் வீட்டில் கேட்டதுண்டு. ஒன்பது நூற்றாண்டுகளாக அவை இம்மலைமேல் அடுக்களையில் புழங்கிவருகின்றன.

பையன் அவரிடம் துணிந்து, "ஹாலு பேக்கு" என்றான். எங்கள் நெஞ்சு திடுக்கிட்டது. பாட்டியோ, "பாலா? கொண்டு வரேன்" என்று எழுந்து போனார். திருத்தவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. அவன் இரண்டு தம்ளர் குடித்தான்.

"இத்தனை தலைமுறையாகத் தமிழை எப்படிக் காப்பாற்றினீர்கள்?" என்று கேட்டோம். "காப்பாத்தறதாவது! ஆத்திலே வேற என்ன பேசறது?" என்றார். எழுத்து? அது கன்னடந்தான், தமிழெழுத்து அவர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உள்ளே சென்று கன்னட எழுத்தில் அச்சிட்ட திவ்வியப் பிரபந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து எங்கள் பெண்ணிடம் நீட்டினார். "படிக்கத் தெரியுமோல்லியோ? படி."

திருப்பாவைப் பக்கம். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கலானாள். கன்னடம் படிப்பதாகவே எண்ணித் தொடங்கியவள், இரண்டாவது வரியில் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். படித்தது அவளுக்கே புரிந்துவிட்டது. ஓரிடத்தில் நின்றாள். பள்ளியில் கற்பிக்காத எழுத்து ஒன்று குறுக்கிட்டது. 'மளெ' என்று ஊகித்துச் சொன்னாள். கன்னடத்தில் மழைக்கு அதுதான் சொல். "இல்லே, இது பழைய எழுத்து. ழ. மழை" என்றார் பாட்டி. இன்றைய கன்னடம் கைவிட்டுவிட்ட அவ்வெழுத்து, தமிழ்ப் பாசுரத்துக்காக அப்புத்தகத்தில் உயிர் வைத்துக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மற்றவர் பார்க்காதது போல் இருந்தோம்.

ஆயினும் மிகைபடக் கூற நாங்கள் விரும்பவில்லை. அவர்களுக்குக் கோயில் இருந்தது. நாள்தோறும் ஓதும் கோஷ்டி இருந்தது. சுற்றத்தார் நிறைந்த தெருக்கள் இருந்தன. நமக்கோ மாடியில் இரண்டறைக் குடித்தனமும், மாதம் ஒருமுறை கூடும் சங்கமும்தாம். அரசர் ஆதரவு எதுவுமின்றி, வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்து பாதாளத்தில் உழைத்த தொழிலாளரும் தமிழை விடவில்லை. 2001இல் சுரங்கம் மூடிய பின்னரும் அங்கே தமிழ் கேட்கிறது. பாட்டியின் பேரக்குழந்தைகளோ பெங்களூரில் தமக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் அடுப்படியைப் பார்த்துக்கொண்டார்.

வேறொன்றும் எண்ணிப் பார்த்தோம். கன்னடம் போற்றும் கவிஞர் பு. தி. நரசிம்மாச்சார் 1905இல் இதே மேல்கோட்டையில் பிறந்தவர். 1966இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர். அவர் வீட்டு மொழி தமிழ். ஞானபீடப் பரிசு பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் அத்தகையவரே. மைசூரில் 1929இல் பிறந்த ஏ. கே. இராமாநுசன், மாடியில் ஆங்கிலமும் கீழ்க்கட்டில் தமிழும் வீதியில் கன்னடமுமாக வளர்ந்தவர். 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தவர் அவரே. இவர்கள் வீட்டில் 'ஹாலு' என்றதற்குத் தம்ளரைப் பிடுங்கியிருப்பார்களோ என்னவோ!

பேருந்தில் திரும்பும்போது பெண் மெல்லக் கேட்டாள்: "நான் ஊருக்குப் போகணுமா?" வேண்டாம் என்றோம். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜக்கனஹள்ளி தாண்டும்வரை எங்களிடம் பேசவில்லை.

இப்பொழுது இரவுச் சோறு உண்டபின் அரை மணி நேரம் தமிழெழுத்துப் பாடம் நடக்கிறது. அவளுக்கு ழகரம் முதலில் வந்துவிட்டது; 'இ' இன்னும் கோணுகிறது. தம்பி பக்கத்தில் அமர்ந்து சிலேட்டைக் கிறுக்குகிறான். கன்னடத்துக்கு இட்ட தடையை நீக்கிவிட்டோம்.

சென்ற வாரம் ஆச்சி அழைத்தார். பெண் மேல்கோட்டைக் கதையெல்லாம் சொல்லி முடித்து, தம்பியிடம் தொலைபேசியைத் தந்தாள். எதிர்முனையில் ஆச்சியின் குரல் எங்களுக்கும் கேட்டது:

"ராசா, ஹாலு குடிச்சியா?"