சாவிக்கொத்து யார் கையில்?

பத்து அணிகள் ஆடிய போட்டியில் பத்தாவது இடம். 2025 ஐபிஎல்-லில் நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கிய மார்க் இது. 14 ஆட்டங்களில் ஜெயித்தது வெறும் 4. ஐந்து முறை கோப்பையைத் தூக்கிய அணி, பட்டியலில் கடைசியில் போய் நின்றது அதுவே முதல் தடவை. அடுத்த சீசன் வரப்போகிறது, புது ஆட்கள் வந்துவிட்டார்கள், ஆனாலும் எங்கள் ஆதம்பாக்கத்தில் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மாவு மில்லில் க்யூவில் நின்றாலும், ஷேர் ஆட்டோவில் ஏறினாலும், "இந்த வருஷமாவது..." என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியலாம். எங்களுக்கு சேப்பாக்கம் ஒன்றும் தூரமில்லை. வேளச்சேரி போய் பறக்கும் ரயிலில் ஏறினால், ஸ்டேடியத்தின் பக்கத்திலேயே இறக்கிவிடும். மேட்ச் நாளில் மத்தியானம் மூன்று மணிக்கே தெருவில் மஞ்சள் சட்டைகள் நடமாட ஆரம்பித்துவிடும். டிக்கெட் கிடைக்காதவர்கள் வீட்டு டிவி முன்னால். எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், என் கணவர், மாமனார், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகன். எழுபத்தெட்டு வயது மாமாவுக்கும் பத்தொன்பது வயது பேரனுக்கும் இடையில் பேசிக்கொள்ள வேறு விஷயமே கிடையாது. அவருக்கு ரீல்ஸ் புரியாது, இவனுக்கு அவருடைய பென்ஷன் கதைகள் பிடிக்காது. இரண்டு பேரையும் ஒரே சோபாவில் உட்கார வைப்பது சிஎஸ்கே மட்டும்தான்.

அதனால்தான் அந்த சீசன் எங்கள் வீட்டில் வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை.

முதல் மேட்ச்சில் மும்பையை ஜெயித்தோம். பாயசம் வைக்காத குறைதான். அதன்பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னால் இன்னும் நெஞ்சு வலிக்கிறது. மார்ச் 28-ல் பெங்களூரு அணி சேப்பாக்கத்தில் வந்து ஜெயித்தது. 2008-க்குப் பிறகு இங்கே அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. ஏப்ரல் 5-ல் டெல்லி. அவர்கள் இங்கே கடைசியாக ஜெயித்தது 2010-ல். ஏப்ரல் 25-ல் ஹைதராபாத். அவர்கள் இங்கே அதற்கு முன் ஜெயித்ததே இல்லை. கோட்டை, கோட்டை என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் ஆறு மேட்ச் ஆடி ஐந்தில் தோற்றோம்.

தோல்வி கூடப் பரவாயில்லை. யாருக்குத்தான் தோல்வி இல்லை? அந்த பெங்களூரு மேட்ச்சில் தோனி ஒன்பதாவது ஆளாக, அஸ்வினுக்கும் பின்னால் இறங்கினார். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு வந்து 16 பந்தில் 30 அடித்தார். அவருடைய முழங்கால் முன்போல் இல்லை, நீண்ட நேரம் நின்று ஆட முடியாது என்று அடுத்த மேட்ச் முடிந்ததும் பயிற்சியாளர் ஃப்ளெமிங் விளக்கம் கொடுத்தார். நியாயமான காரணம்தான். ஆனால் அந்த விளக்கத்தைக் கேட்ட எவருக்கும் அடுத்த கேள்வி தானாக வரும். அப்படியென்றால் அவருடைய இடத்துக்கு யாரைத் தயார் செய்திருக்கிறீர்கள்?

அந்தக் கேள்விதான் எங்கள் வீட்டில் வெடித்தது. ஏப்ரல் 11. ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் சீசனைவிட்டே விலக, மறுபடியும் தோனி கேப்டனாக டாஸ் போட வந்த நாள். மாமா காலையிலேயே குளித்து விபூதி பூசிக்கொண்டு தயாராகிவிட்டார். "தல வந்துட்டான்ல, இனிமே பாரு" என்றார். கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன். சேப்பாக்கத்தில் நம் அணியின் மிகக் குறைந்த ஸ்கோர். எதிரணி 10.1 ஓவரில் முடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டது. தொடர்ந்து ஐந்தாவது தோல்வி, அதுவும் நம் சரித்திரத்தில் முதல் முறை.

மகன் ரிமோட்டை வைத்துவிட்டுச் சொன்னான்: "தாத்தா, பேசாம தோனி ரிடையர் ஆகிடலாம்."

மாமா திரும்பிப் பார்த்தார். "டேய், நீ தவழ்ந்துக்கிட்டு இருந்தப்ப உலகக் கோப்பை வாங்கிட்டு வந்தவன்டா அவன்."

"அதான் தாத்தா பிரச்சினையே. நான் காலேஜுக்கு வந்துட்டேன். இன்னும் அவரையே நம்பிக்கிட்டு இருக்கோம். இது அவர் தப்புகூட இல்ல. வேற ஒருத்தரை வளர்க்காதவங்க தப்பு."

மாமா பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். அடுத்த மூன்று வாரம் அவர் தன் அறையில், போனில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்த்தார். பேரன் ஹாலில் தனியாகப் பார்த்தான். நடுவில் நான் காபி டம்ளரோடு போய்வந்துகொண்டிருந்தேன்.

மகன் சொன்னதில் உள்ள நியாயம் எனக்குப் புரிந்தது. கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2022-ல் சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, மார்ச் 24-ம் தேதி, தோனி விலகி ஜடேஜா கேப்டன் என்று அறிவிப்பு வந்தது. எட்டு மேட்ச், இரண்டே வெற்றி. ஏப்ரல் 30-ம் தேதி, சீசன் பாதியில், கேப்டன் பதவி மறுபடி தோனியிடமே திரும்பியது. ஜடேஜா தன் ஆட்டத்தில் கவனம் செலுத்த விரும்புகிறார் என்றார்கள். அந்த வருடம் ஒன்பதாவது இடம். அடுத்த வருடமே தோனி தலைமையில் கோப்பை. கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்து வாங்கிக்கொடுத்தவர் அதே ஜடேஜா! அந்தச் சந்தோஷத்தில் 2022-ன் பாடத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். 2024-ல் மறுபடி அதே கதை. முதல் மேட்ச்சுக்கு முந்தைய நாள் ருதுராஜ் கேப்டன் என்று அறிவித்தார்கள்.

ஒரு குடும்பத்தில் பொறுப்பு எப்படிக் கைமாறுகிறது என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்காமலே தெரியும். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அத்தை, "இனிமே சமையல்கட்டு உன் பொறுப்பும்மா" என்றார். ஆனால் நான் தாளிக்கும்போது வாசற்படியில் நிற்பார். உப்பு டப்பாவை எடுத்தால், "கல்லுப்பு போடு" என்பார். பீரோ சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான். மளிகைக்கடைக்காரர் என்னிடம் லிஸ்ட் வாங்கிக்கொண்டு, "பெரியம்மா பார்த்துட்டாங்களா?" என்று கேட்பார். பொறுப்பு என் பேரில், அதிகாரம் அவர் கையில். சாம்பார் நன்றாக வந்தால் அத்தை கைப்பக்குவம், கெட்டுப்போனால் மருமகள் கவனக்குறைவு.

மூன்று வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் அத்தையே சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கும்பகோணத்தில் இருந்த தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனார். பதினைந்து நாள். போனில்கூட என்ன சமையல் என்று கேட்கவில்லை. திரும்பி வந்த அன்று நான் வைத்த ரசத்தைச் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, நல்லா இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை ஊற்றிக்கொண்டார். அன்றைக்குத்தான் இந்தச் சமையல்கட்டு என்னுடையதானது.

அத்தைக்குத் தெரிந்தது தோனிக்குத் தெரியாதா என்ன? அவருக்கு நன்றாகவே தெரியும். 2017 ஜனவரியில் இந்திய ஒருநாள், டி20 அணிகளின் கேப்டன் பதவியை அவராகவே விட்டுக்கொடுத்தார். அதன்பிறகு கோலியின் தலைமையில் ஆடினார், 2019 உலகக் கோப்பை உட்பட. நாட்டு அணியில் அவ்வளவு அழகாக நடந்த ஒரு காரியம், நம்ம ஊர் அணியில் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது? அவர் ஒருவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அணியை நடத்துகிறவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

மும்பையைப் பாருங்கள். ரோஹித்தை மாற்றி ஹர்திக்கைக் கொண்டுவந்தபோது 2024-ல் சொந்த மைதானத்திலேயே கூச்சல். கடைசி இடம். ஆனால் அவர்கள் முடிவை மாற்றவில்லை. அடுத்த வருடமே ப்ளே-ஆஃப் போனார்கள். முடிவு கசப்பாக இருந்தாலும் தெளிவாக இருந்தது.

நம் பக்கமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேப்பாக்கத்தில் நம் அணியின் விக்கெட் விழுந்தால் ஆரவாரம் கேட்கிறது. அடுத்து தோனி வருகிறார் என்பதற்காக! அவுட்டாகித் தலைகுனிந்து நடக்கும் பையனுக்கு அது எப்படி இருக்கும்? 1999-ல் பாகிஸ்தான் 12 ரன்னில் டெஸ்ட்டை ஜெயித்தபோது, எழுந்து நின்று கைதட்டிய ஊர் இது. எதிரணிக்கே மரியாதை கொடுத்த கூட்டத்துக்குச் சொந்தப் பிள்ளைகளின் அருமை தெரிய வேண்டாமா?

கோபத்தைக் காட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு விஷயம் சொன்னான். அங்கே ஓக்லாந்தில் பேஸ்பால் அணி ஒன்று, தோல்விமேல் தோல்வி. வீரர்களை விற்றுவிட்டு ஊரையே காலிசெய்யப் பார்க்கிறார் முதலாளி. கூட்டம் வராததுதான் காரணம் என்று பேச்சு. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2023 ஜூன் 13 அன்று, 'நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்' என்று காட்டுவதற்காகவே இருபத்தேழாயிரம் பேருக்குமேல் மைதானத்துக்கு வந்தார்கள். அணியை விற்றுவிடு என்று முதலாளியைப் பார்த்துக் கத்தினார்கள். ஆடியவர்களை உற்சாகப்படுத்தினார்கள். அன்றைக்கு அந்த அணி ஜெயிக்கவும் செய்தது. கடைசியில் அணி ஊரைவிட்டுப் போய்விட்டது என்பது வேறு சோகம். ஆனால் கோபம் யார்மேல், அன்பு யார்மேல் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

எங்கள் வீட்டில் மௌனம் உடைந்தது மே 3 அன்று. பெங்களூரில் மேட்ச். ருதுராஜுக்கு மாற்றாக வந்த பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே, 48 பந்தில் 94. அவன் ஐம்பதைத் தாண்டியபோது உள்அறைக் கதவு திறந்தது. இயர்போன் ஒரு காதில் தொங்க, மாமா ஹாலுக்கு வந்து நின்றார்.

"யாருடா இந்தப் பையன்?"

"ஆயுஷ் தாத்தா. என்னைவிட சின்னவன்."

"தள்ளி உட்காரு."

இரண்டு ரன்னில் தோற்றோம். இரண்டு பேருக்கும் வருத்தம்தான், ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிவரை பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. ரசிகன் தோல்வியைத் தாங்குவான். நாளைக்கு என்ன என்பதே தெரியாமல் இருப்பதைத்தான் தாங்கமாட்டான்.

ஆயுஷ், பிரெவிஸ், உர்வில் படேல் — கடைசியில் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்த இந்த மூன்று பேருமே ஏலத்தில் எடுத்தவர்கள் இல்லை, சீசன் நடுவில் மாற்றாக வந்தவர்கள். கடைசி மேட்ச்சில் குஜராத்தை 83 ரன்னில் வீழ்த்தினோம். இதை முதல் மேட்ச்சிலேயே யோசித்திருந்தால் என்ன என்று மகன் கேட்டான். இந்தத் தடவை மாமாவும் தலையாட்டினார்.

நிர்வாகத்துக்கும் உறைத்திருக்கிறது போல. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியிருக்கிறார்கள். டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்று இருபது வயதைச் சுற்றியுள்ள இரண்டு பேருக்கு ஆளுக்கு 14.20 கோடி. ருதுராஜ்தான் கேப்டன் என்று இந்த முறை நவம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். தோனியும் இருக்கிறார்.

இருக்கட்டும். வீட்டில் பெரியவர் இருப்பது பலம்தான். எங்கள் அத்தை இன்றைக்கும் சமையல்கட்டுக்கு வருகிறார், முருங்கைக்கீரை ஆய்ந்து தருகிறார், கேட்டால் யோசனை சொல்கிறார். கேட்காவிட்டால் சொல்வதில்லை. ஃபீல்டிங்கை மாற்றும்போது ருதுராஜ் ஸ்டம்புக்குப் பின்னால் திரும்பிப் பார்க்காமல் கையைக் காட்டட்டும். அது தப்பாகப் போனாலும் அவர் தப்பாகவே இருக்கட்டும். இரண்டு மேட்ச் தோற்றதும் சாவிக்கொத்தைத் திரும்பப் பிடுங்க வேண்டாம்.

மாமா இந்த வருடம் பேரனோடு சேப்பாக்கம் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். படி ஏற முடியுமா என்று தெரியவில்லை. டிக்கெட் கிடைக்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பேரன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான். நம்ம ஆள் அவுட்டானால் கைதட்டக் கூடாது.

"அது யாரா இருந்தாலும்டா" என்றார் மாமா.