விருந்தாளி அறைக்குப் பூட்டு

சிவகாசியில் என் அக்கா மகன் அச்சகம் நடத்துகிறான். பட்டாசு லேபிள், காலண்டர், டைரி. ஓய்வு பெற்றபின் அவன் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொழுதுபோக்கு. ஒரே பெட்டிக்குள் மூன்று மெய்நிகர் கணினிகள்: ஒன்றில் கணக்கு, ஒன்றில் டிசைன், மூன்றாவதில் வெளியூர் டிசைனர்கள் நுழைந்து ஃபைல் போடும் இடம். தீபாவளிக்கு முன் ஒரு கம்பெனி லேபிள் இன்னொரு கம்பெனி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சிவகாசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2018 ஜனவரி 3 அன்று மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ஓட்டைகள் வெளியே தெரிந்தன. ஓட்டை ப்ராசசரின் பழக்கத்திலேயே இருந்தது. எங்கள் ஊர் எண்ணெய் பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கைக்காரர் தலை தெரிந்ததுமே மாஸ்டர் பரோட்டாவை எண்ணெயில் போட்டுவிடுவார். அவர் சாப்பிடாமலே போகலாம். ஆனால் அடுத்து நான் அதையே கேட்கும்போது உடனே வந்தால், முன்னால் வந்தவருக்கு என்ன போட்டார் என்று தெரிந்துவிடும் அல்லவா? ப்ராசசரும் வேகத்துக்காக ஊகித்து வேலை செய்கிறது. அதன் சூடு மிச்சமிருக்கிறது. பக்கத்து அறைக்காரன் நேரத்தை அளந்தே ரகசியத்தைப் படித்துவிடலாம்.

2019 மே 14 அன்று எம்.டி.எஸ். என்று இன்னொன்று. இன்டெல் மைக்ரோகோட் தந்தது. நான் பெட்டியில் எல்லாவற்றையும் புதுப்பித்து, "இனி பயமில்லைடா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பெட்டியில் பார்த்தால் 'மிட்டிகேஷன்' என்றுதான் காட்டியது.

ஜூலையில் வேறு வேலையாகக் கணக்குக் கணினிக்குள் நுழைந்து அதே பட்டியலைப் பார்த்தேன். 'வல்னரபிள்' என்றது. தற்காலிகத் துடைப்பை முயன்று பார்த்திருக்கிறது. கீழே மைக்ரோகோட் இருக்கிறதா என்று அதற்குத் தெரியவில்லை. காரணம் நான்தான். விருந்தாளிக் கணினிக்கு 'ஹேஸ்வெல்' என்று ப்ராசசர் பெயரை எப்போதோ கையால் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பெயருக்குள் என்ன வசதி உண்டோ அது மட்டும்தான் உள்ளே தெரியும். பிறகு வந்த எம்.டி.கிளியர், ஸ்பெக் கன்ட்ரோல், எஸ்.எஸ்.பி.டி. எல்லாம் வெளியே வாசலோடு நின்றுவிட்டன. விருந்தாளி என்ற பெயரே சரியில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு உள்குத்தகை என்று பெயர். நாக்பூர் லைசென்ஸ் வாசலில் தொங்கும். உள்ளே அறையில் என்ன நடக்கிறதோ!

அந்தப் பெயர்களைக் கட்டமைப்பில் சேர்த்து ரீபூட் செய்தேன். மாறவில்லை. மூன்று முறை செய்தேன், வியர்த்துவிட்டது. பிறகுதான் உறைத்தது. உள்ளேயிருந்து ரீபூட் செய்தால் விருந்தாளி மட்டும் எழுந்து உட்காரும். அதைச் சுமக்கும் க்யூஎமு பழைய ப்ராசசரையே காட்டிக்கொண்டிருக்கும். முழுக்க அணைத்துவிட்டு வெளியேயிருந்து தொடங்க வேண்டும். பணியில் இருந்தபோது சின்னப் பையன்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்தவன்.

அணைத்துப் போட்டதும் 'மிட்டிகேஷன்' வந்தது. மருமகன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப ரெண்டு மாசமா பூட்டாமலா கெடந்துச்சு, மாமா?"

"அரைப் பூட்டு" என்றேன். ஏதாவது கசிந்ததற்கு அடையாளம் உண்டா என்றான். இந்த வகைத் திருட்டு சாதாரணமாக லாக்கில் தடம் விடாது. அதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

இன்னொன்றும் பாக்கி இருந்தது. ஹைப்பர்த்ரெடிங் ஓடும்வரை எம்.டி.எஸ். முழுக்க அடைபடாது. அதை அணைத்தால் பெரிய டிசைன்கள் பிளேட்டுக்குப் போக நேரமாகும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவர வேண்டிய சமயம். "தீபாவளி முடியட்டும், மாமா" என்றான்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவனும் விடவில்லை. கடைசியில் மேசைக்கடியில் காகிதத் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, வெளியூர் டிசைனர்களை மட்டும் அதற்குக் குடிமாற்றினோம். பெட்டிக்குள் இப்போது வீட்டு ஆட்கள் மட்டும். கடைசி பஸ்ஸைப் பிடித்து விருதுநகர் வந்து சேரும்போது மணி பதினொன்றரை.