எந்தப் பை?

செகந்தராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில் ஒரு சிறிய தனியார் பள்ளி. அங்கே நான்காம் வகுப்பு எடுக்கும் ஆசிரியைக்கு வயது 47. தாத்தா ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். வகுப்பறை இரண்டாவது மாடியில் இருந்தது, கழிப்பறை தரைத்தளத்தில். ஏழு மாதமாக அவருக்கு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் உதிரப்போக்கு. வெளிர்நிறச் சேலைகளெல்லாம் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டன. நாற்காலியில் கறுப்புத் துணியொன்றை மடித்துப் போட்டுக்கொண்டார். நின்றுகொண்டே பாடம் நடத்திப் பழகியவர் உட்கார்ந்து நடத்துவதைப் பிள்ளைகள்தாம் முதலில் கவனித்தார்கள். வீட்டில் எவரும் கவனிக்கவில்லை.

மாமியாரிடம் சொன்னபோது, "எனக்கெல்லாம் தானா நின்னுச்சு. யாருகிட்ட போய்ச் சொன்னோம்?" என்றார். அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. எது நின்றது என்று தமிழில் எவரும் சொல்வதில்லை. கேட்பவருக்கும் கேள்வி எழுவதில்லை. தீட்டு, தூரம், வீட்டுக்கு விலக்கு என வந்துகொண்டிருந்த காலத்துக்காவது பெயர்கள் உண்டு, அவையும் பெண்ணை எங்கே உட்கார வைப்பது என்பதைச் சொல்லும் பெயர்களே. நின்றுபோன காலத்துக்கு வெறும் வினைமுற்று மட்டுமே மிஞ்சுகிறது. பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதையில் தொடங்கி ஏழாக வகுத்தன. பெரும்பான்மைக் கணக்கில் பேரிளம்பெண்ணின் எல்லை 40. அதற்குப் பிறகு வாழ்பவளுக்கு இலக்கணம் பெயர் வைக்கவில்லை. உலாப் போகும் தலைவனைக் கண்டு மயங்குவதற்காக வகுத்த பட்டியலில் வேறு எதை எதிர்பார்ப்பது?

தெருமுனை மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு நார்க்கட்டி. மருத்துவர் தெலுங்கில் கனிவாகவே பேசினார்: "பிள்ளைகள் ஆகிவிட்டார்கள் அல்லவா அம்மா, இனி இந்த சஞ்சி எதற்கு? வைத்திருந்தால் பின்னால் புற்றுநோய்ப் பயம்தான்." தெலுங்கில் அது கர்ப்ப சஞ்சி. தமிழில் கர்ப்பப்பை. மராத்தியில் பெண்கள் பிஷ்வி என்கிறார்கள், அதுவும் பைதான். இந்தியில் பச்சேதானி, குழந்தை இருக்கும் கலம். உறுப்பின் பெயரிலேயே அதன் ஒரே பயனும் எழுதப்பட்டிருக்கிறது. பொருள் வெளியே வந்தபின் பையை வைத்திருப்பது வீண் என்ற முடிவுக்கு மருத்துவர் தேவையில்லை, மொழியே கொண்டுபோய் விட்டுவிடும். இருதயத்தைப் பற்றியோ கல்லீரலைப் பற்றியோ எவரும் இப்படி நினைப்பதில்லை.

கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். தேதியும் ஏறக்குறைய குறித்தாயிற்று. கோடை விடுமுறையில் செய்துகொண்டால் சம்பளம் பிடிக்கமாட்டார்கள் என்பது ஆசிரியையின் கணக்கு.

அந்த ஞாயிறன்று ஓரகத்தி வந்திருந்தாள், கணவருடைய தம்பி மனைவி. அவளுக்கு 33 வயதிலேயே அறுவை நடந்திருந்தது. வெள்ளைப்படுகிறது என்று போனவளிடம் புற்றுநோய் வரும் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே உடம்பு தீப்பற்றியதுபோல் எரிந்தது. இரவில் ரவிக்கை நனைந்தது. 38 வயதில் குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்ததற்கு மணிக்கட்டு முறிந்தது. எலும்பு மருத்துவர் பழைய காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகுதான் இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"பையை எடுக்கணும்னாங்க, சரின்னேன். எந்தப் பைன்னு நான் கேக்கலை அக்கா" என்றாள்.

கர்ப்பப்பையும் பை, சினைப்பையும் பை. கையெழுத்துப் போட்ட தாள் ஆங்கிலத்தில் இருந்தது. விளக்கம் 'பை' என்ற ஓரெழுத்துச் சொல்லில் முடிந்தது. கருப்பையை மட்டும் எடுத்தால் உதிரம் நிற்கும், ஆனால் சினைப்பை பெரும்பாலும் தன் வேலையைத் தொடரும். சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் வீழ்ந்துவிடும். எலும்புத் தேய்மானமும் இதயநோய் அபாயமும் பத்துப் பதினைந்து ஆண்டு முன்கூட்டியே வந்து நிற்கும். பாடநூல்கள் 'மாதவிடாய் நிறுத்தம்' என்று எழுதுவதைப் பார்க்கையில் இலக்கணம் படித்தவருக்கு உறுத்தும். நில் என்பது தன்வினை, நிறுத்து என்பது பிறவினை. மாமியாருக்கு நேர்ந்தது நிற்றல். நிறுத்தம் என்ற சொல் ஓரகத்திக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்குச் சற்று மேல் கருப்பை அகற்றப்பட்டவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அது எட்டு, ஒன்பது என்ற அளவுக்குப் போகிறது. இந்த அறுவைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மராட்டியத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களின் செய்தி 2019-இல் நாடு முழுவதும் பேசப்பட்டது. அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கொய்த்தா', அதாவது ஓர் அரிவாள் என்றே ஒப்பந்தத்தில் கணக்கு. ஒரு நாள் வராவிட்டால் அபராதம். மாதத்தில் மூன்று நாளை இழக்க முடியாத பெண்கள் இளம் வயதிலேயே பிஷ்வியை எடுத்துவிட்டு வயலுக்குத் திரும்பினார்கள். தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்க ஒன்றிய அரசு 2022-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு 2023-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. கோடை விடுமுறைக்குத் தேதி குறித்த அந்த ஆசிரியையிடம் இவற்றைப் பற்றி ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

அவர் அரை நாள் விடுப்பு எடுத்து அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போனார். வரிசையில் மூன்று மணி நேரம். கையில் நான்காம் வகுப்புக் கட்டுரை நோட்டிலிருந்து கிழித்த தாள்; அதில் தெலுங்கில் நான்கு கேள்விகள். எந்தப் பை என்பது முதல் கேள்வி. எடுக்காமல் சரிசெய்ய வழி உண்டா என்பது இரண்டாவது. மற்ற இரண்டும் செலவைப் பற்றியவை.

கருப்பையின் உட்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் அறிகுறி எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் 7.4 இருந்தது. இத்தனை மாதம் மாடிப்படி ஏறும்போது மூச்சிரைத்ததற்குக் காரணம் வயதன்று, இதுதான். நரம்பு வழியே இரும்புச்சத்து ஏற்றினார்கள். உதிரம் மிகுந்த நாள்களில் மட்டும் போட டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை கொடுத்தார்கள். கட்டி பெரிதாகிறதா என்று ஆறு மாதத்துக்கொருமுறை பார்ப்போம், பெரும்பாலும் மாதவிடாய் நின்றபின் அதுவும் சுருங்கும் என்றார் மூத்த மருத்துவர். அறுவை தேவைப்பட்டால் அப்போது பேசுவோம், எந்தப் பை என்பதையும் அப்போதே எழுதிக்கொள்வோம் என்று சிரித்தார். எடுத்தே ஆகவேண்டிய நிலையும் சிலருக்கு உண்டு. ஓரகத்தி இழந்தது கர்ப்பப்பை மட்டுமன்று. அந்த நிலை தனக்கு உண்டா என்று கேட்டறியும் வாய்ப்பையும்தான்.

தலைமையாசிரியையிடம் காரணத்தைச் சொல்லவே ஆசிரியைக்கு ஒரு வாரம் ஆயிற்று. சொன்னதும் அவர், "எனக்கும் மூணு வருஷம் இப்படித்தான் இருந்துச்சு" என்று கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். மறுநாளே நான்காம் வகுப்பு தரைத்தளத்துக்கு மாறியது. கறுப்புத் துணி இன்னும் நாற்காலியில் இருக்கிறது.

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று சொல்லலாம் என்பது மருத்துவ வரையறை. நிகழும்போது அறிய முடியாத, ஓராண்டு கழித்தே இறந்தகாலத்தில் சொல்லக்கூடிய நிகழ்வு. சமையலறை நாட்காட்டியில் அவர் மாதக் கடைசியில் பென்சிலால் ஓர் எண் இடுகிறார். ஐந்துவரை போயிற்று. ஆறாம் மாதம் மீண்டும் வந்தது. பழைய எண்களை அழித்துவிட்டு, அடுத்த மாதக் கடைசியில் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறார். ஓரகத்தி வரும்போதெல்லாம் அந்த நாட்காட்டியைத்தான் முதலில் பார்க்கிறாள்.