தூதுவளைக்கு வேலி வேண்டும்

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தையில் காலை ஏழு மணிக்கு நின்றால், நாட்டு மருந்துக் கடையின் பாதிச் சரக்கைத் தரையிலேயே பார்த்துவிடலாம். கானிங், லக்ஷ்மிகாந்தபூர் லோக்கலில் வந்து இறங்கும் பெண்கள் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, வாய்க்கால் ஓரத்தில் பறித்ததை ஈரத்தோடு பரப்புகிறார்கள். வேர்ச்சேறு கழுவாத வல்லாரை. இங்கே அது தான்குனி. நீர்முள்ளிக் கொழுந்தைக் குலேகாடா என்று கேட்டு வாங்குகிறார்கள், சாறு பிழிந்து குடித்தால் ரத்தம் ஊறுமாம். நம் பக்கம் அதே செடியை நீர் பிரிவதற்கும் வீக்கம் வடிவதற்கும் குடிநீராகக் காய்ச்சுவார்கள். நிலவேம்பு, ஆடாதோடை, ஆரைக்கீரை எல்லாம் உண்டு. காளி பூஜைக்கு முந்தின நாள் பதினான்கு கீரை சேர்த்துச் சமைப்பது இங்கே வழக்கம்; அதற்கான பழைய பட்டியலில் வேம்பும் சீந்திலும்கூட இருக்கின்றன.

தூதுவளை மட்டும் இல்லை.

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊரில் அதை யாரும் நட்டு நான் பார்த்ததில்லை. கிளுவை வேலி இருந்தால் அது தானாக வந்து ஏறிக்கொள்ளும். சிவந்த பழத்தைக் குருவி தின்றுவிட்டு அடுத்த வேலிக்கு விதையைக் கொண்டுபோகும். தண்டெல்லாம் கொக்கி முள். இலையைத் திருப்பினால் நடு நரம்பிலும் பூனை நகம் மாதிரி வளைந்த முள் வரிசையாக நிற்கும். பாவாடையைப் பிடித்தால் லேசில் விடாது. ஊதாப் பூவின் நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகக் குவிந்திருக்கும். கத்தரிப் பூவைப் பார்த்தவர்களுக்கு உறவு புரிந்துவிடும்.

"கொழுந்தாப் பாத்துக் கிள்ளு ஆத்தா, முத்துனத விட்டுரு" என்பார் அப்பத்தா. முள்ளைக் கத்திமுனையால் வழித்துவிட்டு, மிச்சமிருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் இலையை நெய்யில் போடுவார். நெய்யில் சுருண்டதும் முள்ளின் வீறாப்பு அடங்கிவிடும். அம்மியில் மிளகும் சீரகமும் பூண்டும் நசுங்க, ரசம் கொதிக்கும் முன்பே மூக்கடைப்பு பாதி போய்விட்டதாகத் தோன்றும். கசப்பு நாக்கில் தெரியாது, விழுங்கிய பிறகு தொண்டையில் மெதுவாகத் தெரியும். கரிசலாங்கண்ணியோடு தூதுவளையையும் வள்ளலார் உயர்த்திச் சொன்னதெல்லாம் எனக்குப் பின்னால் படித்துத் தெரிந்தது. அப்பத்தாவின் வைத்திய சாஸ்திரம் ஒரு வரிதான்: சளியை அறுக்கும்.

நெஞ்சுச் சளிக்கான மூலிகையை நினைத்து ஏங்க ஜாதவ்பூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1920-களில் டாக்டர் குமுத் சங்கர் ராய் இங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கியபோது இது நகரத்துக்கு வெளியே இருந்த வயலும் குளமுமான பூமி. காசநோய்க்கு மருந்து பிறக்காத காலம் அது. நல்ல காற்றும் ஓய்வும் சாப்பாடும்தான் சிகிச்சை. கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 1947 மே 13 அன்று இங்கேதான் இறந்தார். இருபத்தொரு வயது நிறையவில்லை, சுதந்திரத்துக்கு மூன்று மாதம்தான் பாக்கி. அந்த வளாகத்தில் இன்று ஒரு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நல்ல காற்றுக்காக நோயாளிகள் வந்து சேர்ந்த அதே சாலையில், டிசம்பர் வந்தால் நான் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு 8பி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன்.

பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் இந்தப் பக்கமெல்லாம் காலனிகள் போட்டார்கள். கூரை வீடு, மூங்கில் தட்டி, பக்கத்தில் ஒரு குளம். இப்போது அநேகமாக எல்லாம் புரொமோட்டர் கட்டிய ஃபிளாட். எங்கள் கட்டடத்து மாடியில் இருக்கும் பாட்டியின் பூர்வீகம் பரிசால். கந்தால் இலையைப் பருப்போடு அரைத்து வடை தட்டித் தருவார். பச்சையாக முகர்ந்தால் அடுத்த தெருவுக்கு ஓடச் சொல்லும் நாற்றம், எண்ணெயில் போட்டால் வேறு ஜாதி. வயிற்றுக்கு நல்லது என்பார். அவர் ஊர்ப் பேச்சை எடுக்கும்போது நான் என் தூதுவளையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. எனக்குக் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒருநாளில் சென்னை. அவருக்குப் பாஸ்போர்ட் வேண்டும்.

கசப்பை மதிக்கத் தெரிந்த ஊர் இது என்பதையும் சொல்லியாக வேண்டும். மதியச் சாப்பாடே கசப்பில்தான் ஆரம்பம்: சுக்தோ, இல்லாவிட்டால் வேப்பங்கொழுந்தும் கத்தரிக்காயும் வதக்கியது. எங்கள் வீட்டில் கசப்பு, காய்ச்சல்காரர்களுக்கான தண்டனை மாதிரி வந்து போகும். இங்கே முதல் கவளமே அதற்குத்தான். இந்தக் கொல்கத்தாவில்தான் வேதியியல் அறிஞர் அசீமா சட்டர்ஜி, சந்தையில் சேறோடு கிடக்கும் அதே ஆரைக்கீரையை ஆராய்ந்து, வலிப்பு நோய்க்கான ஆயுஷ்-56 மருந்துக்கு வழி செய்தார். இவ்வளவும் இருக்கும் இடத்தில் இல்லாத ஒன்றுக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது நன்றிகெட்டதனம்தான். ஆனாலும் தும்மல் வந்தால் நினைவு அங்கேதான் போகிறது.

லேக் மார்க்கெட்டுக்குப் போனால் நம் ஊர்ச் சாமான்கள் கிடைக்கும்: நல்லெண்ணெய், அப்பளம், வற்றல், கட்டுப் பூ. தூதுவளைப் பொடிப் பாக்கெட்டும் ஒருமுறை கிடைத்தது. வெந்நீரில் கலக்கினேன். பச்சை நிறத்தில் ஏதோ குடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அது மருந்தாக வேலை செய்யலாம். ஆனால் கையைக் கீறாத தூதுவளையைத் தூதுவளை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வழக்கமாகக் கீரை வாங்கும் மாஷியிடம் செல்போனில் படத்தைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் "கண்டிகாரி" என்றார். கண்டங்கத்திரி. அது தரையோடு படருமே மாஷி, இது கொடி, ஏறும் என்றேன். படத்தை விரலால் பெரிதாக்கி முள்ளைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். சமைத்துச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். ரசம், துவையல், தோசை, காயில் வற்றல் என்று எனக்கு வந்த வங்காளத்தில் அடுக்கினேன். தைக்கு ஊருக்குப் போகும்போது பழம் பறித்து விதை எடுத்து வந்து பால்கனித் தொட்டியில் போடப்போகிறேன் என்றும் சொன்னேன்.

மாஷிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் வீட்டில் வேலி எங்கே இருக்கிறது பௌதி? கிரில்தானே இருக்கிறது. விதையை என்னிடம் கொடு, என் வீட்டைச் சுற்றி வேலி இருக்கிறது" என்றார். முளைத்தால் கட்டு பத்து ரூபாய், பேரம் கிடையாது என்று அப்போதே விலையும் சொல்லிவிட்டார்.